ஒன்று விட்டு ஒரு நாள்

ஸ்ரீராமபுரத்தில் எங்கள் சந்துக்கு
காவிரி ஒன்று விட்டு ஒரு நாள் வரும்.
விடிகாலை நாலரை, சில நாள் ஐந்து.
"நீரு பந்த்து" என்று ஜலஜாக்ஷி
தன் வீட்டுக்குள் சொல்வதாக நினைத்து
தெருவுக்கே சொல்வாள்.
நீல ட்ரம், இரண்டு குடம்,
மூடி தொலைந்த பெயிண்ட் டப்பா.
மறுநாள் ராத்திரி வரை இவ்வளவுதான்.

எத்திராஜுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி.
அரிசி களைந்தது பாத்திரத்துக்கு,
பாத்திரம் அலசியது கக்கூசுக்கு.
விருந்தாளி வந்துவிட்டால்
அவன் குளியல் அரை வாளி.
"மனசு வெச்சா ட்ரம் நிறையாதா?" என்று
இதுவரை யாரும் அவனைக் கேட்டதில்லை.

அதனால்தான் அவனிடம்
தண்ணீரை வைத்தே பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை. பீன்யாவில் லேத் ஓட்டும் கை,
எத்தனை சோப்பு போட்டும் எண்ணெய் வாசம்.
"நேத்து வனிதாமணி நிச்சயத்துல
அப்படிச் சிரிச்சியே,
இன்னிக்குத் தலை வாரக்கூட முடியலையா?"
குத்தல் இல்லை குரலில்.
நிஜமாகவே புரியாமல் கேட்டான்.
குத்தியிருந்தால் பதில் சொல்வது சுலபம்.

அந்தச் சிரிப்பு இன்றைய தண்ணீர் என்றேன்.
நேற்றே மொண்டு செலவழித்துவிட்டேன்.
புடவை மடிப்புக்கு ஒரு சொம்பு,
மண்டபத்துப் படிக்கு ஒன்று,
"இளைச்சிட்டியே" என்ற ஒவ்வொருவருக்கும்
ஒரு கை.
ஃபோட்டோவுக்கு நின்றபோது
ட்ரம்மின் அடியில் சொம்பு உரசியது,
மேளச் சத்தத்தில்
எனக்கு மட்டும் கேட்டது.

யோசித்தான்.
"அப்ப மாத்திரை டேங்கர் மாதிரியா?"
இல்லை. மாத்திரை ஓட்டையை அடைக்கிறது,
அதுவும் மெதுவாக.
நிம்ஹான்ஸில் டோக்கன் வாங்கி
நான்கு மணி நேரம் காத்திருப்பதற்கே
ஒரு குடம் போய்விடுகிறது.

சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது,
உவமை இதற்கு மேல் வராது.
காவிரிக்கு முறை உண்டு,
வால்வு திருப்பும் முனிராஜுவைக் கேட்டால்
மணி சொல்வார்.
எனக்கு யாரைக் கேட்பது?
தவிரவும் தண்ணீர் வராவிட்டால்
தெருவுக்கே வராது,
எல்லோரும் சேர்ந்து திட்டலாம்.
எனக்கு வராத நாளில்
பக்கத்து வீட்டுக் குழாய்
பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாமோ.
சில நாள் கால் ட்ரம் இருந்தும்
இல்லையென்றிருக்கிறேன்.
மூடியைப் போட்டு மேலே உட்கார்ந்திருக்கிறேன்,
நாளைக்கு என்ன ஆகுமோ என்று.
அது பொய்யா, சிக்கனமா?
"எங்கம்மா போன் பண்ணப்பவா?" என்றான்.
பதில் சொல்லவில்லை.
அவனும் அதோடு விட்டான்.

திங்கள் சாயந்திரம் செருப்பைக் கழற்றியதும்
நீல ட்ரம்மை விரல் முட்டியால் தட்டினான்,
அளவு பார்க்கத் தட்டுவதுபோல்.
பிறகு என்னைப் பார்த்தான்.
இரண்டு விரல் காட்டினேன்.
சரியென்று சட்னிக்குத் தேங்காய் உடைத்தான்.
செவ்வாய் தட்டவில்லை,
"ஏன் இப்படியே படுத்திருக்க?" என்றான்.
புதன் இரண்டு பேரும் பேசவில்லை.

வியாழன் முறை நாள்.
நாலரைக்குக் குழாய் இருமியது.
எழுந்திருக்கச் சொல்லி
கால்களிடம் கேட்டுப் பார்த்தேன்.
அவன் எழுந்து போனான்.
வெளியே குடங்கள் இடிக்கும் சத்தம்,
ஜலஜாக்ஷி என்னை எங்கே என்று கேட்பது,
எங்காவது
தலைவலி, காய்ச்சல் என்பானோ என்று
ஜன்னலோரம் காதை வைத்திருந்தேன்.

பதினைந்து வருடமாக இந்த ஊரில் இருந்தும்
தேறாத கன்னடத்தில் சொன்னான்:
"அவளிகெ இவத்து நீரு பந்தில்ல."

அவளுக்கு என்ன புரிந்ததோ,
ஒன்றும் கேட்கவில்லை.
குடம் நிரம்ப நிரம்ப
சத்தம் மெலிந்து உயர்வதைக்
கண் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.