உப்புத்தாள்

பொதுத்தேர்வுக்குப் பதினோரு நாள் இருக்கையில்
பல்லடம் கடைவீதியில் வாங்கிய உப்புத்தாளை
ஆளுக்குக் கால் ஷீட்டாகக் கிழித்துக் கொடுத்தார்
உடற்கல்வி ஆசிரியர்.
எங்கள் பள்ளிதான் தேர்வு மையம்.
பெஞ்சில் ஒற்றை எழுத்து இருந்தாலும்
பறக்கும் படைக்கு அது பிட்டுதானாம்.
"நீங்க கிறுக்குனது, நீங்களே தேயுங்கொ."

பன்னிரண்டு பி. நாற்பத்தோரு பேர்.
கட்டடம் மாறும்போதெல்லாம் எங்கள் பெஞ்சுகளை
நாங்களே சுமந்து போயிருக்கிறோம்,
விட்டுவந்தால் ஏ பிரிவு எடுத்துக்கொள்ளும்.
அதனால் ஆறாம் வகுப்பும் இதிலேயே இருந்தது,
அடியில், மரத்தின் நிறத்துக்கே திரும்பி.

முதல் பெஞ்சில் சௌடேஸ்வரியின்
பதினேழாம் வாய்ப்பாடு. ஆறு வரி மட்டும்.
மீதி அவளுக்கு இன்னும் வராது.
கணக்குப்பதிவியலில் தொண்ணூற்றெட்டு வாங்குகிறாள்
பதினேழைத் தொடாமலேயே.

மூன்றாவதில் கோடுகள்: நான்கு நிற்க, ஐந்தாவது குறுக்கே.
பூவேந்தன் தூங்கி விழுந்த நாள்களைப்
பக்கத்தில் இருந்தவன் எண்ணி வைத்தது.
ராத்திரி ஷிப்டில் அப்பாவோடு ஆறு தறி பார்த்துவிட்டு வருவான்.
சத்தம் நின்றால்தான் அவனுக்கு முழிப்பு,
நூல் அறுந்துபோச்சென்று பதறி எழுவான்.
பொருளியல் டீச்சர் இதைக் கண்டுபிடித்துவிட்டார்.
அவனை எழுப்ப வேண்டுமென்றால்
பாடத்தை நிறுத்துவார்.

எட்டாவதின் கடைசியும் ஒன்பதாவதும்
பெஞ்சில் எங்கேயும் இல்லை.
அந்த வருசம் சின்னச் சின்னக் கட்டங்களில் இருந்தோம்.
கட்டத்துக்குள் வராதவர்கள்
கோழிப்பண்ணையில் தீவனம் அள்ளினார்கள்.

திரும்பி வந்தபோது கடைசி பெஞ்சில் புதிதாக ஒருவன்.
ஒடிசா. பெயர் துர்யோதன் நாயக்.
வருகைப்பதிவில் அந்தப் பெயர் வந்ததும்
வகுப்பே கூரை அதிரச் சிரித்தது.
அவன் எழுந்து, எங்களைவிட அழகாக,
"ஏனுங் சிரிக்கறீங்?" என்றான்.
அவன் செதுக்கியது அவன் எழுத்தில், வட்ட வட்டமாக.
தேய்க்குமுன் கேட்டோம்.
"ஊட்டு அட்ரஸுங்."
எந்த ஊடு என்றதற்குத்
தாளை மடித்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

நடுவரிசையில் ஒரு பெஞ்சு.
சாதிப் பெயர், பக்கத்தில் ஒரு சிங்கம்.
பதினொன்றாவதில், கையில் கட்டிய கயிற்றின் நிறத்துக்காக
சைக்கிள் ஸ்டாண்டில் மாதேசின் சட்டை கிழிந்த
அதே வாரத்தில் வந்தது.
யார் வேலை என்று யாரும் சொன்னதில்லை.
அவனே போய் உட்கார்ந்தான். தேய்த்தான்.
தாள் தீர்ந்தபோது
தன்னிடமிருந்ததில் பாதியைக் கிழித்து நீட்டினான் மாதேசு.
"இந்தா."
அதன்பின் அவர்கள் சிநேகிதர்களானார்கள் என்று எழுத ஆசைதான்.
வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான்.
சிங்கத்தின் வால் மட்டும் போகவில்லை. ஆழம்.

ஜன்னலோரத்துப் பெஞ்சை யாரும் எடுக்கவில்லை.
கு. பொன்னரசி, பி.காம்., என்று
பத்தாவதிலேயே பட்டம் போட்டுக்கொண்டவள்.
ரிசல்ட் வந்த வாரம் மில் வேனில் ஏறினாள்,
மூன்று வருசக் கணக்குக்கு.
அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான்.
காம்பஸ் என்னுடையது.

என் கையில் தாள் இருந்தது.
வேப்பம்பலகைத் தூள் உதட்டில் பட்டுக் கசந்தது.
பூவேந்தன்தான் சொன்னான்:
"பலகையத் திருப்பிப் போட்டுட்டா?"

நாலு ஆணி. மூன்று முழுசாக வந்தன,
ஒன்று தலை ஒடிந்தது.
தறிக்குடோனுக்கு ஓடிப்போய்
வேறு ஆணி கொண்டுவந்தான் துர்யோதன்.
அடிப்பக்கம் யாரும் எழுதாத மரம்.
உடற்கல்வி ஆசிரியர் பார்த்தார்.
விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே
வராந்தாப் பக்கம் போய்விட்டார்.

முதல் நாள், தமிழ்த்தாளுக்குக் காத்திருக்கையில்
எந்தப் பள்ளிக்காரியோ ஒருத்திக்கு
முழங்கால் இடறும்.
கையை விட்டுத் தடவிப் பார்ப்பாள்.
இனிஷியல் புரியும், பெயர் புரியும்.
பி.காம் வரை போவதற்குள்
மணி அடித்துவிடுமோ என்னவோ.