பதினாலு பிரஷ்

முகூர்த்தத்துக்கு மறுநாள்
பதினாலு பிரஷ்ஷும் வாளியோரம் படுத்திருக்கும்.
போர் தண்ணியில் அலசினால்
முடி விறைத்துத் துடைப்பமாகும்.
அதுகளுக்குக் கேன் தண்ணி,
முப்பத்தைந்து ரூபாய்.
நான் குளிப்பது உப்பில்தான்.

உள்ளங்கையில் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பூ.
சுழற்றச் சுழற்ற
நேற்றைய சங்கவியின் கன்னம் இறங்குகிறது,
அவள் அக்காளின் உதடு,
மாப்பிள்ளை வெட்கப்பட்டுப் பூசிக்கொண்ட பவுடர்.
கடைசியாகக் கொஞ்சம் பச்சை.

கன்றிச் சிவந்ததைப் பச்சைதான் மறைக்கும்.
"கதவு இடிச்சிருச்சுக்கா" என்றாள்.
நாலு விரல் பதிந்த கதவு.
நான் கேட்கவில்லை, ஒற்றி ஒற்றி வைத்தேன்.
ஆல்பத்தில் தெரியாது என்றேன்.
தெரியாது.

பிரஷ்ஷைத் தலைகீழாகத்தான் காயவிட வேண்டும்,
நிமிர்த்தினால் ஈரம் அடிக்கு இறங்கிப் பசை விடும்.
லிப்ஸ்டிக் எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில்,
அக்னி நட்சத்திரம் கழிகிறவரை
எலுமிச்சைக்கும் தோசைமாவுக்கும் நடுவே.
தேதி முடிந்த ஃபவுண்டேஷன் இரண்டு,
மனசில்லாமல் கழித்தேன்.

பச்சை தொட்ட ஸ்பாஞ்சு மட்டும்
மூன்று தடவை பிழிந்தும் விடவில்லை.
எறிந்துவிட்டேன்.
ஊர்க்குப்பை பாதி வந்து சேரும்
எங்கள் கொடுங்கையூரில்
அதற்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.