பதினெட்டு கிரெடிட்

அறுபத்திரண்டில்
பதினெட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.
மீதி நாற்பத்து நான்கும்
கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில்
வரிசையாக நிற்கின்றன.

குளிரூட்டி பொருத்தல் ஒன்று: பொருந்தவில்லை.
குளிரூட்டி பொருத்தல் இரண்டு: பொருந்தவில்லை.
செப்புக் குழாயை வளைக்கும்போது
எந்த இடத்தில் முறியும் என்று
விரலுக்கு முன்கூட்டியே தெரியுமே,
அதற்குப் பாடக் குறியீடே கிடையாது.

பீடோர் பெரிய சாலையில்
கொய்யாக் கடைகளுக்குப் பின்னால் எங்கள் கல்லூரி.
கீழே டயர் கடை, மேலே நாங்கள்.
அமுக்கமும் வெப்பமும்
சார் சொல்லிக் கேட்காத நாள்களில்
சன்னல் வழியாகக் கீழே பார்த்துப்
புரிந்துகொண்டோம்.

கொலேஜ் கொமுனிதி என்றால்
எஸ்பிஎம்மில் கோட்டை விட்டவர்கள்
போகிற இடம் என்று ஊருக்கு ஒரு கணக்கு.
நான் கோட்டை விடவில்லை.
அந்த வருடம் அப்பா
செம்பனை ஆலையில் கால் ஒடிந்து கிடந்தார்.
வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்
கதவு திறந்திருந்தது அது ஒன்றுதான்.
இதையெல்லாம் ஒவ்வொருவரிடமும்
நின்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?
"கழுவ எண்பது வெள்ளி, கேஸ் தனி"
என்று மட்டும் சொல்வேன்.

சான்றிதழ், பிறகு டிப்ளோமா,
நடுவில் இரண்டு வருடம்
சியோங் தவுக்கேயின் லோரியில்.
ஒருநாள் ஆலை மானேஜர் பங்களா.
ஏணியில் நின்று பில்டரைக் கழற்றினேன்,
அப்பாவின் விபத்துக் கடிதத்தில்
'கவனக்குறைவு' என்று கையெழுத்திட்டவரின்
தலைக்கு நேர் மேலே.
அவருக்குப் பதினாறு டிகிரி வேண்டுமாம்.
வைத்துக் கொடுத்தேன்.

நேர்முகம் கோலாலம்பூரில்.
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
ஏன் பல்கலைக்கழகம் என்றார்
நடுவிலிருந்த அம்மையார்.
மனப்பாடம் செய்த பதில் நாக்கு நுனியில்.
அவருக்குப் பின்னால் குளிரூட்டி
டக் என்றது. மூச்சு விட்டது.
மறுபடி டக்.
கபாசிட்டர். ஒரு வாரம் தாங்கலாம்.
சொல்லவா?
சொன்னால் மெக்கானிக் ஆகிவிடுவேன்.
சொல்லாவிட்டால் யார் ஆவேன் என்று தெரியவில்லை.

"அது ஏன் பழுதாகிறது என்று தெரியும்;
ஏன் குளிர்கிறது என்றுதான்
இன்னும் முழுதாகத் தெரியாது."

மேலே பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன் போலும்.
மூன்று பேரும் திரும்பி மேலே பார்த்தார்கள்.
யாரும் சிரிக்கவில்லை.

தனசீலனும் விண்ணப்பித்தான்.
அவன் மூன்று புள்ளி ஏழு ஐந்து,
நான் மூன்று புள்ளி ஏழு ஒன்று.
அவனை நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை.
கைப்பேசித் திரையில் ஒரு சிவப்பு வரி, வருந்துகிறோம்.
அப்பீல் பண்ணு என்றேன்.
பண்றேன்லா என்றான்.
பண்ண மாட்டான் என்பது
அந்த 'லா'விலேயே இருந்தது.

இன்று காலை பஸ் நிலையத்துக்கு
அவன் மோட்டார் சைக்கிளில்தான் வந்தேன்.
பெட்டி அவனுக்கு முன்னால்,
நான் பின்னால்,
பேச்சு எங்கேயும் இல்லை.
இறங்கியதும் கேட்டான்:
"அங்க உனக்கு கேஜ் வேணாம்தானே?"
சிவப்புக் குழாய், நீலக் குழாய்,
என் முதல் சம்பளத்தில் வாங்கியது.
எடுத்துக் கொடுத்தேன்.
நன்றி சொல்லாமல் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டான்.
சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

மீண்டும் முதலாண்டு.
இருபது வயதுப் பிள்ளைகளோடு
இருபத்தைந்து வயதில்.
திங்கள் எட்டு மணிக்கு வெப்ப இயக்கவியல்.

சுங்கை தாண்டியதும்
தலைக்கு மேலிருந்து தோளில் ஒரு சொட்டு.
இன்னொன்று.
வடிகுழாய் அடைப்பு, இரண்டு நிமிட வேலை.
என் வேலை இல்லை இனிமேல்.
இடம் மாறி உட்கார்ந்தேன்.
காலியான இருக்கையில்
சொட்டிக்கொண்டே இருந்தது.

தஞ்சோங் மாலிம் வரை பொறுத்தேன்.
பிறகு பைக்குள் கையை விட்டு
ஸ்குரூ டிரைவரைத் தேடினேன்.