ஒரு வண்டி குறைவு

ஏலத்தில் எடுத்தவர் பொள்ளாச்சி பீர்முகமது ராவுத்தர்.
தண்டவாளம், ஆணி, சங்கிலி,
தேக்கு சுமந்த வண்டிகள் அறுபத்திரண்டு,
பெர்லின் என்று பித்தளையில் பொறித்த எஞ்சின் இரண்டு.
எண்ணி எழுத என்னை அனுப்பினார்.
மாதம் எழுபது ரூபாய்,
மலைக்காய்ச்சலுக்குத் தனியாக ஒன்றுமில்லை.

பறம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிவரை
ஐம்பது மைல் என்றார்கள்.
நான் பார்த்தது மேல்சரிவு வரைதான்.

அந்தச் சரிவில் எஞ்சினுக்கு வேலை கிடையாது.
உச்சியில் ஓர் உருளை, அதைச் சுற்றி ஒரே வடம்.
மரமேற்றிய வண்டி இறங்கும்;
அந்தக் கனத்திலேயே மறுமுனையில்
காலி வண்டி ஏறிவரும்.
பிரேக் பிடிக்கும் ஔசேப்பு சொன்னார்:
"கரி வேண்டா, வெள்ளம் வேண்டா.
காடு இறங்கும், காலி கேறும்."
வெள்ளம் என்றால் அவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர்.
இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.
மற்றது புரிய இன்னும் கொஞ்சம் ஆனது.

காட்டு முனையிலிருந்து பிரித்துக்கொண்டே வந்தோம்.
பிரித்த இரும்பு
பிரிக்காத இரும்பின் மேல் உருண்டு போனது.
ஈயம் உருகும் வெயில். அட்டை கடித்த இடமெல்லாம்
மூக்குப்பொடி அப்பியிருந்தேன்.

மாசிக் கடைசியில் சரிவுக்கு வந்தோம்.
கடைசிச் சுமை: உச்சியில் கிடந்த தண்டவாளம்.
அது இறங்க, வழக்கம்போல் ஒரு காலி ஏறியது.
அதில் மாரப்பன் மனைவி வெள்ளச்சி,
மடியில் ஒரு சேவல்.
"இனி எப்படி இறங்குவே?" என்று கத்தினேன்.
"நடக்கத் தெரியாதா எனக்கு?" என்றாள்.
ஔசேப்பு வடத்தை அறுத்தார்.

ராவுத்தர் பேரேட்டைப் புரட்டினார்.
"அறுபத்தொண்ணுதான் இருக்கு."
"ஒண்ணு மேலே நிக்குது, முதலாளி."
"இறக்கிக் கொண்டா."
"இறக்கணும்னா இன்னொண்ணு ஏறணும்."

வெற்றிலையை மென்று முடிக்கும்வரை யோசித்தார்.
அப்புறம் என் சம்பளத்தில்
பதினொரு ரூபாய் பிடித்துக்கொண்டார்.

இரும்பு கோயமுத்தூர் போனது. பாதி மில்லுக்கு உத்திரம்,
மீதி எங்கே போனதோ, என் கையெழுத்து அதுவரை இல்லை.

அடுத்த ஐப்பசியில் தேன் விற்க வந்தவன்
ஒரு சேதி கொண்டுவந்தான்.
வெள்ளச்சி அந்த வண்டியில்
ராகி கொட்டி வைத்திருக்கிறாளாம்.
மூலையில் ஒழுகுகிறதாம்.
வண்டிக்காரரைத் தார் அனுப்பச் சொன்னாளாம்.

ஒரு டின் வாங்கிக் கொடுத்தேன்.
எந்தப் பத்தில் எழுதுவது என்று தெரியாமல்
எழுதாமலே விட்டேன்.