நாலு மீட்டர் முப்பது

சபஞ்சா ஏரிக்குக் கிழக்கே
ஒரு சோளக் கொல்லை நடுவில்
வரிசையாக வருகிற பாப்ளார் மரங்கள்
சட்டென்று நின்று,
நாலு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் தள்ளி
மறுபடி தொடர்கின்றன,
பேச்சின் நடுவே
வேறு யாரையோ பார்த்துவிட்டவர்களைப் போல.

நான் நில அளவைத் துறை. பெயர் ரெஃபிக்.
நடுக்கம் முடிந்து இரண்டு வருஷம் கழித்துத்தான்
இந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது.
அதற்கு முன் அளக்க வேறு இருந்தது:
அடாபசாரியில் தரையோடு தரையான தெருக்கள்,
எந்தப் படி எந்த வீட்டினது என்று
சொல்ல ஆளில்லாத மனைகள்.
வரப்பு காத்திருக்கட்டும் என்றார்கள்.
காத்திருந்தது.

மேற்கே சபாஹத்தின் நிலம், கிழக்கே முசெய்யென் நிலம்.
நடுவே, வடக்கிலிருந்து தெற்காக,
இருவர் அப்பன்மாரும் ஒரே நாளில் நட்ட மரங்கள்.
பட்டாவில் எல்லை ஒரே கோடு,
ஸ்கேல் வைத்து இழுத்தது.

வடபாதி மரங்களிலிருந்து நூல் பிடித்தேன்:
அவளுடைய கிணறு அவனுக்குப் போனது.
தென்பாதியிலிருந்து நூல் பிடித்தேன்:
அவனுடைய சீமை மாதுளை அவளுக்கு வந்தது.
"முப்பது வருஷம் என் வீட்டுக்காரர்
அந்த மரத்தைப் பார்த்து ஏங்கினார்.
அவர் போன பிறகு நடந்து வருகிறது, பார்" என்றாள்.
சபாஹத்தின் சிரிக்கவில்லை.
உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தான்.
தட்டில் இரண்டு கண்ணாடிக் குவளை.
"மற்றவை உடைந்துவிட்டன" என்றான்.
"வாங்கவில்லை. எதற்கு?"
முசெய்யென் தன் வீட்டுக்குப் போய்
தன் குவளையை எடுத்துவந்தாள்.

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு படம் உண்டு.
கிழக்கே கார்லியோவாவில் கிளம்பும் சிவப்புக் கோடு
எர்சிஞ்சான், நிக்சார், கெரெதே என்று
தபால்காரன் போல ஊர் ஊராக மேற்கே வருகிறது.
முப்பத்தொன்பதில் அந்த வாசல். நாற்பத்துநாலில் இந்த வாசல்.
யார் வீட்டையும் மறப்பதில்லை,
அவசரமும் இல்லை.
அதே படத்தின் மூலையில், சிறிய உலகத்தில்,
கலிபோர்னியாவுக்கு ஒரு கோடு,
நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்கு முதுகு நீளம் ஒன்று,
சாக்கடல் ஓரம் ஒன்று.
அங்கெல்லாமும் யாரோ ஒருவன்
என்னைப் போல நாடாவின் ஒரு முனையைப் பிடித்தபடி
மறுமுனையில் நிற்பவனிடம்
"இன்னும் கொஞ்சம் தள்ளு" என்று கத்திக்கொண்டிருப்பான்.

"என் நாலு மீட்டரை யார் எடுத்தது?"
சபாஹத்தின் கேட்டது சண்டைக்கு இல்லை.
உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான்.
யாரும் எடுக்கவில்லை என்றேன்.
வடக்கே உன் மண் கிழக்கே போயிருக்கிறது,
தெற்கே மேற்கே போயிருக்கிறது,
கூட்டிக் கழித்தால் ஒரு பிடியும் குறையவில்லை.
அவன் நெடுநேரம் கொல்லையைப் பார்த்தான்.
"குறையவில்லை" என்றான்,
என் வார்த்தையை எனக்கே திருப்பித் தருகிறவன் போல.
அப்புறம் நான் எதையும் கூட்டிக் கழிக்கவில்லை.

மரங்கள் நிற்கிற வழியே எல்லையை வரைந்தேன்,
நடுவில் முழங்கை மடக்கினதாக.
கிணறு அவளுக்கே. சீமை மாதுளை அவனுக்கே.
இருவரும் கையெழுத்திட்டார்கள்.
மேலதிகாரி சிவப்பு மையில் திருப்பி அனுப்பினார்:
'கோடு நேராக இல்லை. சரிசெய்யவும்.'
கோப்பு இன்னும் என்னிடம்தான்.
அந்த இலையுதிர்காலம் ஒரு பை சீமை மாதுளை
அலுவலகத்துக்கு வந்தது, பெயர் எழுதாமல்.
யார் அனுப்பியது என்று விசாரிக்கவில்லை.

படத்தில் அந்தக் கோடு
கோல்ஜுக் தாண்டிக் கடலுக்குள் இறங்குகிறது.
கடலுக்கு அந்தப் பக்கம் இஸ்தான்புல்.
அவ்ஜிலாரில், நாலாவது மாடியில்,
என் மகள் சேவிம் வாடகைக்கு இருக்கிறாள்.
ஞாயிறுதோறும் போன் செய்வேன்.
"அலமாரியைச் சுவரோடு திருகிவிட்டாயா?"
"திருகிட்டேம்ப்பா."
"எந்தச் சுவரோடு?"