எல்.சி. ரிட்டன்

அரசரடி துணைமின் நிலையத்தில் பயிற்சி, முப்பது நாள்.
இருபத்தொன்பது நாளும்
மணிக்கொரு தரம் மீட்டர் பார்த்து நோட்டில் ஏற்றினேன்.
ஃப்ரீக்வென்சி நாற்பத்தொன்பது புள்ளி தொண்ணூற்றெட்டு.
ஐம்பதில் நிற்காது, ஐம்பதை விட்டும் போகாது.

கடைசி நாள் மழை.
செல்லூர் ஃபீடர் விழுந்தது.
பிரேக்கரைத் திறந்து எர்த் போட்டாச்சு;
லைன் கிளியர் தாளில்
முத்திருளாண்டி என்று எழுதினேன்,
புள்ளி ஒன்றும் விடாமல்.
அவர் இந்நேரம் கம்பத்தின் மேல்.

போன் அடித்தபடி இருக்கிறது.
தறிக்காரர், ஐஸ் கம்பெனி, பிரசவ ஆஸ்பத்திரி,
பிறகு என் தம்பி:
"நீதான் அங்க இருக்கியே, போட்டு விடுக்கா."
"வைடா. இந்த லைன்லதான் அவர் கூப்பிடணும்."

ஒன்பது பன்னிரண்டு.
இரைக்கும் மூச்சு, பின்னால் மழை:
"முத்திருளாண்டி. இறங்கிட்டேன். ஆளு, எர்த்து எல்லாம் எடுத்தாச்சு."
பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.
ஜெசிந்தா மேடம் சுவிட்சைத் திருப்பினார்.

இங்கிருந்து செல்லூர் தெரியாது.
முள் மட்டும் எழுந்தது,
பூஜ்யத்திலிருந்து நூற்றுநாற்பது ஆம்பியர்.
எங்கள் வீட்டு ஃபேன்
அந்த முள்ளின் நுனியளவுகூட இராது.
இருந்தும் தேடினேன்.

சான்றிதழில் என் பெயர்
சோழைப்பிரியா.
சோலைக்கு லகரம் மாற்றி வாங்க
நாளைக்கும் போகணும்.