பதினைந்து நிமிடம்

கடிதம் வந்துவிட்டது.
இலை துளிர்க்கும்போது ஒன்று, உதிரும்போது ஒன்று.
மின்கட்டணத்துக்கும் காதுக்கருவி விளம்பரத்துக்கும் நடுவே
நீல எழுத்தில் என் பெயர்: திருமதி நெஸ்டா பௌவன்.
என் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவது
இப்போது அரசாங்கம் மட்டும்தான்.

மென்னாவுக்கு வரவில்லை.
வயது வரம்பை எழுபத்தைந்துக்கு ஏற்றிவிட்டார்களாம்.
அவளுக்கு எழுபத்து மூன்று.
"போன வருஷம் கிழவியாக இருந்தேன்,
இந்த வருஷம் இல்லையாம்"
தொலைபேசியில் சிரித்தாள்.
சிரிப்பு முடியுமுன் இருமல் வந்தது.
இருமலைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

இட்வல்தான் காரில் கூட்டிப்போனார்.
அவருக்கும் கடிதம் வந்திருக்கிறது.
சமையலறை ஜன்னல் காற்றில் தடதடக்காமலிருக்க
நாலாக மடித்துச் செருகியிருக்கிறார்.
ஐந்து முறை போட்டுக்கொண்டவர்.
ஐந்தாவதற்கு மூன்று நாள் படுக்கை,
தோளில் முட்டையளவு வீக்கம்.
"கொள்கை கிள்கை ஒன்றுமில்லை நெஸ்டா. அலுத்துவிட்டது.
மேற்பூச்சு பூசிக்கொண்டே இருக்கலாம்,
உள்ளே மரம் உளுத்திருந்தால்?"
பார்மத் நகரில் பாதி வீடுகளுக்கு வண்ணமடித்த கை அது.
கடற்காற்று படுகிற ஜன்னலுக்கு
ஒரு பூச்சு எத்தனை நாள் தாங்கும் என்று
முன்பு அவரிடமே கேட்டிருக்கிறேன்.
ஒரு குளிர்காலம், என்றார்.
இன்று அதை நினைவூட்டவில்லை.
கார் அவருடையது.

மழை.
மரப்பாலத்தின் மேல் ரயில்
யாரையும் எழுப்பிவிடக் கூடாதென்பதுபோல் போனது.

சிற்றாலயத்தின் பின்கூடம்.
முதல் ஊசிக்கு வந்தபோது
தரையெல்லாம் மஞ்சள் நாடா,
நாற்காலிக்கு நாற்காலி இரண்டு மீட்டர்.
முகமூடிக்கு மேலிருந்த கண்களை வைத்தே
ஆளைக் கண்டுபிடித்தோம்.
போட்டபின் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும், கட்டளை.
மாதக்கணக்கில் பூனையோடு மட்டும் பேசியவர்களுக்கு
மேலிடத்திலிருந்து கிடைத்த பதினைந்து நிமிடம்!
தபால் நிலையத்து கிளெனிஸ்
கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்,
தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்ட கதையை.
தொப்பியைக் கழற்றியும் காட்டினாள்.
எனக்கு வயிறு வலித்தது, சிரித்து.
நேரம் முடிந்தது என்று ஒரு பையன் வந்து சொன்னபோது
கூசாமல் பொய் சொன்னேன்:
"எனக்கு இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது."

அதற்குப் பிறகு எத்தனை ஊசி, எண்ணிக்கை விட்டுப்போயிற்று.
கிளெனிஸும் இல்லை.
எந்த ஊசியும் தடுக்காத ஒன்றில் போனாள்:
மாடிப்படி.

இன்று வரிசையில் நான்கு பேர்.
"எந்தக் கை?" என்றாள் லௌரி.
அவள் அம்மாவை எனக்குத் தெரியும்,
பள்ளிச் சமையலறையில் நான் ஊற்றிய கஸ்டர்டைப் பார்த்து
தினமும் அழுத சிறுமி.
"இடது."
எறும்புக் கடிகூட இல்லை. பஞ்சு. ஒரு துளி ரத்தம்.
"முடிந்தது. நீங்கள் கிளம்பலாம்."
"பதினைந்து நிமிடம்?"
"அதெல்லாம் இப்போது இல்லை,
நீங்களே கார் ஓட்டிப்போனால்தான்."

ஓட்டுபவர் ஊசி போடவில்லை.
போட்டவள் ஓட்டப்போவதில்லை.
விதிப்படி எங்கள் இருவருக்கும் அங்கே வேலையில்லை.

சுவரோரம் ஆறு நாற்காலிகள், ஒன்றோடொன்று ஒட்டி.
உட்கார்ந்தேன்.
இட்வல் உள்ளே வந்தார், நனைந்த தொப்பியை உதறினார்,
பழக்க தோஷம்,
நடுவில் ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்தார்.
"இன்னும் எவ்வளவு?"
"பதினான்கு."
சட்டைக் கையைச் சுருட்டி அவரும் கடிகாரத்தைப் பார்த்தார்,
போட்டுக்கொண்டவரைப் போலவே.
"மென்னாவின் இருமல் எப்படி?" என்றார்.
"உங்களுக்கு யார் சொன்னது?"
"எனக்கும்தான் போன் செய்கிறாளே."

லௌரி கூடத்தின் பாதி விளக்குகளை அணைத்தாள்.
எங்கள் பக்கம் பார்த்தாள்.
மீதிப் பாதியை அணைக்கவில்லை.